17 லிட்டர் சாக்லேட் ராஸ்பெர்ரி லாகரைக் கொட்டிய கதை

வீட்டில் பீர் தயாரிக்கிறவர்களுக்கு நாலைந்து தடவை நன்றாக வந்துவிட்டால் ஒரு குருட்டுத் துணிச்சல் வரும். எனக்கு அது ஆறாவது தடவை வந்தது. அதுவரை நான் செய்ததெல்லாம் ஏல் வகை. அறை வெப்பத்திலேயே நொதித்து, மூன்று நாலு வாரத்தில் குடிக்கத் தயாராகிவிடும், சின்னத் தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும். ஒரு நாள் ராஸ்பெர்ரியும் டார்க் சாக்லேட்டும் சேர்ந்த கேக் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இதை அப்படியே ஒரு கறுப்பு லாகருக்குள் கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. தோன்றியதோடு விட்டிருக்கலாம். லாகர், அதாவது குளிரில் மெல்ல நொதிக்கும் பீர், எனக்குப் புதுசு, பழம் சேர்ப்பது புதுசு, சாக்லேட் சேர்ப்பதும் புதுசு. மூன்றையும் ஒரே தடவையில், அதுவும் முழு 20 லிட்டருக்குச் செய்தேன். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து அத்தனையையும் சாக்கடையில் ஊற்றினேன். பக்கத்தில் கேட்க ஆள் இல்லை, முன்கூட்டியே எச்சரிக்கவும் யாரும் இல்லை. இதே ஆசை உங்களுக்கும் வந்திருந்தால், காய்ச்சும் பாத்திரத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் வீட்டில் பீர் தயாரிக்கச் சட்டம் இடம் தருகிறதா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சிய நாளில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. நான் எடுத்தது பில்ஸ்னர் மால்ட், கொஞ்சம் மியூனிக் மால்ட், நிறத்துக்குச் சாக்லேட் மால்ட். இந்தச் சாக்லேட் மால்ட்டில் ஒரு துளி சாக்லேட்டும் கிடையாது. பார்லியை அந்த நிறம் வரும்வரை வறுத்ததால் வந்த பெயர் அது. வாசமும் காப்பிக்கும் கொக்கோவுக்கும் நடுவில் இருக்கும். அது மட்டுமே போதும் என்று விட்டிருந்தால் பாதித் தொல்லை வந்தே இருக்காது. எனக்குத்தான் நிஜ சாக்லேட் வேண்டுமென்று பிடிவாதம். வோர்ட், அதாவது மால்ட் ஊறிய இனிப்புச் சாறு, கொதித்து முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது 200 கிராம் டார்க் சாக்லேட் கட்டியை உடைத்துப் போட்டேன். வீடு முழுக்க என்ன வாசம்! கரண்டியால் கிளறும்போது மேலே மினுமினுவென்று வட்ட வட்டமாக ஏதோ மிதந்தது. கவனித்தேன், கண்டுகொள்ளவில்லை.

அது கொக்கோ வெண்ணெய். 70 சதவீதம் என்று அட்டையில் போட்டிருக்கும் சாக்லேட் கட்டியில் 100 கிராமுக்கு 40 கிராம் போலக் கொழுப்பு இருக்கும். ஆக, நான் பீரில் 80 கிராம் கொழுப்பைக் கரைத்துவிட்டிருந்தேன். பீர் நுரை நிற்பது மால்ட்டிலிருந்து வரும் புரதமும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருள்களும் குமிழைச் சுற்றிக் கட்டும் மெல்லிய தோலினால். கொழுப்பு பட்டால் அந்தத் தோல் கிழிந்துவிடும். சரியாகக் கழுவாத, எண்ணெய் ஒட்டிய கண்ணாடி டம்ளரில் பீர் ஊற்றினால் நுரை நிற்காதே, அதே கதைதான். போதாததற்குக் கொழுப்பு நாள்பட நாள்படச் சிக்கு வாடை பிடிக்கும். லாகரோ மாதக்கணக்கில் வைத்துக் குடிக்கிற பீர். சாக்லேட் கட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள்.

அடுத்தது ஈஸ்ட். ஏலுக்கு எப்போதும் ஒரு 11.5 கிராம் பாக்கெட் போடுவேன், இதற்கும் ஒன்றே போட்டேன். பாத்திரத்தைப் பழைய ஃபிரிட்ஜில் 10 டிகிரியில் வைத்துவிட்டு வந்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. ராத்திரி எழுந்துபோய் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வாயுவை வெளியே விடும் ஏர்லாக் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன், ஏதோ பச்சைக் குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கிற மாதிரி. மூன்றாம் நாள் சாயங்காலம்தான் முதல் குமிழ் வந்தது. அப்பாடா என்று படுத்தேன். உண்மையில் அங்கேதான் சறுக்கல் ஆரம்பித்திருந்தது.

லாகர் ஈஸ்ட் தனி ஜாதி. நாம் ஏலுக்குப் போடும் ஈஸ்ட்டும், குளிர் தாங்கும் ஒரு காட்டு ஈஸ்ட்டும் கலந்து பிறந்தது. அந்தக் காட்டுப் பெற்றோர் யாரென்று நெடுங்காலம் தெரியாமலே இருந்து, 2011இல் படகோனியாவின் காட்டு மரங்களில் கண்டுபிடித்தார்கள். குளிரில் வேலை செய்யும் குணம் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் குளிரில் வேலை மெதுவாக நடக்கும், அதனால் ஆள் அதிகம் வேண்டும். ஏலுக்குப் போடுவதைப் போல் இரண்டு மடங்கு ஈஸ்ட் போடுவதுதான் கணக்கு. 20 லிட்டருக்கு இரண்டு பாக்கெட். இரண்டாவது பாக்கெட்டுக்குக் கணக்குப் பார்த்துத்தான் நான் மற்ற அத்தனையையும் இழந்தேன். ஈஸ்ட் குறைவாகப் போட்டால் இருக்கிற கொஞ்ச ஈஸ்ட்டே பெருகிப் பெருகிக் களைத்துவிடும். வேலையை முடிக்காமல் பாதியில் படுத்துக்கொள்ளும்.

14ஆம் நாள் குமிழ் நின்றது. ஹைட்ரோமீட்டரில் கிராவிட்டி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.016. சர்க்கரை குறையக் குறைய அது இறங்கும். ஆரம்பம் 1.052, இந்தச் செய்முறைக்கு 1.011 வரையாவது இறங்கியிருக்க வேண்டும். ‘கறுப்பு பீர்தானே, கொஞ்சம் உடல்வாகோடு இருக்கட்டும்’ என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாதிரியை முகர்ந்து பார்த்தால் வெண்ணெயும் கருகிய சர்க்கரையும் கலந்த ஒரு வாசம். சாக்லேட் நன்றாக ஏறியிருக்கிறது என்று பூரித்துப்போனேன். எவ்வளவு மடத்தனம் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அது டயசெட்டில். நொதிக்கும்போது ஈஸ்ட் வெளியே விடும் ஒரு பொருள் மெல்ல டயசெட்டிலாக மாறும். ஈஸ்ட்டுக்குத் தெம்பும் சூடும் இருந்தால் அதைத் தானே திரும்ப எடுத்துச் சாப்பிட்டுச் சுத்தம் செய்துவிடும். அதனால்தான் லாகர் செய்கிறவர்கள் நொதித்தல் முடியும் தறுவாயில் வெப்பத்தை 16, 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டுவைக்கிறார்கள். நான் அந்தப் படியைப் படித்திருந்தேன். பழம் போடும் அவசரத்தில் தாண்டிவிட்டேன்.

இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது, அப்போது தெரியாது. பீரை இரண்டு சின்னக் குப்பிகளில் எடுத்து மூடுங்கள். ஒன்றை 65 டிகிரி சுடுதண்ணீரில் 20 நிமிடம் வையுங்கள், மற்றதைச் சும்மா வையுங்கள். சூடானதை ஆறவைத்து இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்து பாருங்கள். இரண்டிலும் வெண்ணெய் வாடை இல்லையென்றால் மேலே போகலாம். சூடுபட்டதில் மட்டும் வாடை அடித்தால், இன்னும் மாறாத சரக்கு உள்ளே இருக்கிறது, பின்னால் பாட்டிலில் வந்து நிற்கும், பொறுங்கள். இரண்டிலுமே அடித்தால் சொல்லவே வேண்டாம். பைசா செலவில்லாத சோதனை. சாக்லேட் பீர் செய்கிறவர்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். ஏனென்றால் நம் மூக்கு ‘வெண்ணெய், சாக்லேட், எல்லாம் ஒரே இனிப்புக் குடும்பம்தானே’ என்று சுலபமாக ஏமாந்துவிடும்.

15ஆம் நாள் பழம். உறைந்த ராஸ்பெர்ரி 3 கிலோ. மொத்தச் செலவில் பாதி இதற்கே போனது. உறைந்ததென்றால் கிருமியெல்லாம் செத்திருக்கும் என்று நம்பி, பையை வெட்டி அப்படியே இரண்டாவது பாத்திரத்தில் கொட்டி, அதன்மேல் பீரை மாற்றினேன். உறைய வைத்தால் பழத்தின் செல்சுவர் உடைந்து சாறு சுலபமாக இறங்கும், அது வாஸ்தவம். காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சாகாது, தூங்கும், அவ்வளவுதான். அதிர்ஷ்டவசமாக அந்த வழியில் எனக்குக் கெடுதல் வரவில்லை. வந்த வழி வேறு. ஐந்து நாள் 10 டிகிரியில் வைத்தேன். பழம் முழுக்க மேலே வந்து தொப்பி மாதிரி நின்றது, ஏர்லாக் குழாயில் ஒரு விதை மாட்டிக்கொண்டு சிவப்பு நீர் கசிந்தது. ஆறாம் நாள் ஃபிரிட்ஜை 2 டிகிரிக்கு இறக்கினேன். லாகர் என்ற சொல்லுக்கே ஜெர்மனில் இருப்பு வைப்பது என்றுதான் பொருள், நாமும் நாலு வாரம் இருப்பு வைப்போம் என்று.

நாலு வாரம் முடிந்ததும் மூன்று நாள் விடாமல் கிராவிட்டி பார்த்தேன். 1.014, 1.014, 1.014. மூன்று நாள் அசையாமல் நின்றால் நொதித்தல் முடிந்தது என்றுதான் எல்லா இடத்திலும் சொல்வார்கள். நானும் முடிந்தது என்றே எடுத்துக்கொண்டேன். இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். 2 டிகிரியில் ஈஸ்ட் வேலை செய்யாத மாதிரிதான், அவ்வளவு மெதுவாக இருக்கும். தூங்குகிறவன் மூன்று நாள் அசையவில்லை என்பதற்காக வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? அந்தச் சோதனைக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் பாத்திரம் 18 டிகிரியிலாவது இருக்க வேண்டும். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் 34 பாட்டிலும் பிழைத்திருக்கும்.

பாட்டிலில் வாயு பிடிப்பதற்காக, 20 லிட்டருக்கு என்று கணக்கிட்டு 130 கிராம் சர்க்கரையைக் கரைத்து ஊற்றினேன். ஆனால் பழச்சக்கையும் வண்டலும் போக மிஞ்சியது 17 லிட்டர். சர்க்கரை ஏற்கெனவே கலந்தாகிவிட்டது. ‘கொஞ்சம் கூடத்தானே’ என்று அரை லிட்டர் பாட்டில்களில் நிரப்பினேன். 34 வந்தது. அலமாரிக்குக் கீழே அடுக்கி, அறை வெப்பத்தில் விட்டேன். பதினோராம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வெடித்தது.

முதலில் ஒன்று. எழுந்து உட்கார்வதற்குள் இன்னொன்று. தங்கை அவள் அறையிலிருந்து “அண்ணா, என்ன வெடிச்சுது?” என்று கத்துகிறாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தரை முழுக்க இளஞ்சிவப்பு நுரை, நடுநடுவே பழுப்புக் கண்ணாடி. ஒரு துண்டு எதிர்ச் சுவரில் சாந்துக்குள் குத்திக்கொண்டு நின்றது, பிடுங்க வேண்டியிருந்தது. அலமாரியிலிருந்து சுவருக்கு மூன்று மீட்டராவது இருக்கும். நடுவில் அன்றைக்குச் சாயங்காலம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி. அதைப் பார்த்ததும்தான் கை நடுங்க ஆரம்பித்தது. பணம் போனதோ பீர் போனதோ அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை. மூன்றாவது பாட்டில் வெடித்தபோது நாங்கள் இரண்டு பேரும் கதவுக்கு வெளியே இருந்தோம்.

கணக்கைப் பிற்பாடு போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருந்தால் அதை ஒரு வால்யூம் என்பார்கள். லாகருக்கு இரண்டரை போதும். சாதாரண பீர் பாட்டிலை மூன்றுக்கு மேல் நம்பக்கூடாது. 10 டிகிரியில் நொதித்த பீரில் ஏற்கெனவே 1.2 போலத் தங்கியிருக்கும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை ஏறக்குறைய ஒரு வால்யூம் தரும். என் கணக்கில் லிட்டருக்கு ஏழரை கிராமுக்கு மேல், அதாவது 1.9. இதற்குள்ளேயே மூன்றைத் தாண்டியாயிற்று. இதற்கு மேல், முடியாத நொதித்தல். மீந்த பாட்டில் ஒன்றை வாயு நீக்கி அளந்தபோது 1.010 காட்டியது. 1.014இல் அடைத்தது. கிராவிட்டியில் ஒரு புள்ளி இறங்கினால் அரை வால்யூம் என்று வைத்தால், நாலு புள்ளிக்கு இரண்டு. மொத்தம் ஐந்துக்கு மேல். ராஸ்பெர்ரியில் 100 கிராமுக்கு நாலரை கிராம் போலச் சர்க்கரை. 3 கிலோவில் 135 கிராம். பாட்டிலுக்கு நான் தராசில் வைத்து அளந்து போட்டது 130. பழத்திலும் அதே அளவு சர்க்கரை இருந்ததை நான் நினைத்தே பார்க்கவில்லை, அதில் பாதியாவது நொதிக்காமல் கிடந்திருக்கும்.

வெடிக்கிற நிலையில் பாட்டில்கள் இருக்கின்றன என்று சந்தேகம் வந்தால் கையில் தூக்கிப் பார்க்காதீர்கள். தடித்த கம்பளியையோ போர்வையையோ மேலே போட்டு மூடுங்கள். முகம் முழுக்க மறைக்கும் கவசம், கைக்குத் தடித்த உறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் அருகே போகக்கூடாது. அறையைக் குளிர்விக்க முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும். நான் காலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றி ஐஸ் நிரம்பிய தொட்டியில் வைத்து, மூன்று மணி நேரம் கழித்து வெளியே வைத்துத் திறந்தேன். ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரம் பீய்ச்சியது. ஐந்தை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு மீதி 26ஐயும் கொட்டினேன்.

அந்த ஐந்தில் ஒன்றைத் திறந்து ருசி பார்த்தோம். டம்ளர் கொள்ளாமல் பொங்கிய நுரை அரை நிமிடத்தில் காணாமல் போனது. மேலே அதே மினுமினு வட்டங்கள். நான் குடிப்பதற்குள் தங்கை முகர்ந்து பார்த்துவிட்டு, “இதுல வெண்ணெய் எதுக்குப் போட்டே?” என்றாள். இத்தனை நாள் நான் சாக்லேட் என்று நினைத்துக்கொண்டிருந்ததை அவள் ஒரு நொடியில் சொல்லிவிட்டாள். குடித்தால் பல் கூசும் புளிப்பு, பின்னால் விதையின் துவர்ப்பு, அதற்கும் பின்னால் கருகிய கசப்பு. ராஸ்பெர்ரி கேக் எங்கே, இது எங்கே.

அன்றைக்குத்தான் ஒரு விஷயம் உறைத்தது. கேக்கில் நாக்குக்குப் பிடித்தது ராஸ்பெர்ரியும் கொக்கோவும் மட்டுமில்லை, பெரும்பகுதி சர்க்கரையும் கொழுப்பும். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும், மிஞ்சுவது புளிப்பும் வாசமும். சாக்லேட்டில் கொழுப்பைச் சேர்க்க முடியாது, சர்க்கரை தங்காது, மிஞ்சுவது கசப்பும் வாசமும். புளிப்பும் கசப்பும் நாக்கில் ஒன்றையொன்று ஏற்றிவிடும். போதாக்குறைக்கு லாகர் சுபாவத்திலேயே ஒல்லியான, சுத்தமான பீர். மறைத்துவைக்க அதில் இடம் கிடையாது. அதனால் பழமும் சாக்லேட்டும் போடுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது, இனிப்பு எங்கிருந்து வரும் என்பதைத்தான்.

இரண்டு மாதம் கழித்துத்தான் மறுபடி பாத்திரத்தைத் தொட மனசு வந்தது. இந்தத் தடவை சுவையே சேர்க்காத வெறும் கறுப்பு லாகராக 20 லிட்டர் செய்தேன். மால்ட் ஊறவைக்கும் வெப்பத்தை 68 டிகிரிக்கு ஏற்றினேன், ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகள் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும் என்பதற்காக. கேரமல் மால்ட் கொஞ்சம். வறுத்த மால்ட்டில் உமி நீக்கியதை வாங்கினேன், நிறம் வரும், கருகல் கசப்பு அவ்வளவு வராது. ஹாப்ஸ் கசப்பைப் பாதியாகக் குறைத்தேன். ஈஸ்ட் இரண்டு பாக்கெட். ஃபிரிட்ஜின் வெப்பமானியைக் காற்றில் தொங்கவிடாமல் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு துணி மடிப்பை வைத்துக் கட்டினேன். நொதிக்கும்போது பீரே சூடு உண்டாக்கும். காற்று 10 டிகிரி காட்டும்போது உள்ளே இரண்டு மூன்று டிகிரி கூட இருக்கலாம். ஒன்றரை நாளில் பொங்க ஆரம்பித்தது. பத்தாம் நாள் 17 டிகிரிக்கு ஏற்றி மூன்று நாள் விட்டேன். சுடுதண்ணீர்ச் சோதனையில் முதல் தடவை லேசாக வெண்ணெய் வாடை வந்தது, இன்னும் இரண்டு நாள் பொறுத்தேன், போய்விட்டது. கிராவிட்டி 1.013.

அப்புறம் 12 லிட்டரை அப்படியே தனியாக வைத்துவிட்டு, நாலு நாலு லிட்டராக இரண்டு சின்னக் கேன்களில் பிரித்தேன். கெட்டால் நாலு லிட்டரோடு போகட்டும். ஒன்றுக்கு ராஸ்பெர்ரி, லிட்டருக்கு 80 கிராம் வீதம், முன்பு போட்டதில் ஏறக்குறைய பாதி. இன்னொன்றுக்குக் கொட்டை நீக்கிய செர்ரி, லிட்டருக்கு 150 கிராம். பழத்தை மசித்து 72 டிகிரியில் 15 நிமிடம் வைத்தேன். கொதிக்க விடாதீர்கள், பழத்தின் பெக்டின் என்ற பசை இறங்கிப் பீர் கலங்கிவிடும். ஆறியதும் பெக்டினைச் சிதைக்கும் நொதியைப் பாக்கெட்டில் சொன்ன அளவு கலந்து, சல்லடைத் துணிப்பையில் கட்டிப் போட்டேன். பையில் கட்டியதால் விதை குழாயை அடைக்கவில்லை, எடுப்பதும் சுலபம். முக்கியமாக, பழம் இருந்த பத்து நாளும் பாத்திரம் 18 டிகிரியில் இருந்தது. கடைசி ஐந்து நாள் கிராவிட்டி அசையவே இல்லை. செர்ரி போடுகிறவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். செர்ரியில் சர்க்கரை ராஸ்பெர்ரியைப் போல் இரண்டு, மூன்று மடங்கு.

சாக்லேட்டுக்குக் கொக்கோ நிப்ஸ், அதாவது வறுத்து உடைத்த கொக்கோப் பருப்பு. இதிலும் பாதி கொழுப்புதான், ஆனால் உருக்காமல் ஊறவைத்தால் பெரும்பாலும் பருப்புக்குள்ளேயே தங்கிவிடும். 60 கிராமை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை சூடு காட்டி, நன்றாக மூழ்கும் அளவு வோட்காவில் போட்டு ஐந்து நாள் மூடிவைத்தேன். வடிகட்டிய சாறை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் கசிந்த கொஞ்சக் கொழுப்பும் வெள்ளையாக மேலே கட்டி நிற்கும். கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். ஒரு வெனிலா நெற்றையும் கீறி அதில் போட்டிருந்தேன். வெனிலா இனிப்பு அல்ல, ஆனால் நாக்கு அதை இனிப்பென்று நம்பும்; சர்க்கரை தங்காத இடத்தில் அது பெரிய உதவி. வீட்டில் நாய் இருந்தால் ஊறிய நிப்ஸையும் ஹாப்ஸ் சக்கையையும் அதற்கு எட்டாமல் போடுங்கள், இரண்டும் நாய்க்கு விஷம்.

இந்த முறையில் எனக்குப் பிடித்ததே அடுத்த வேலைதான். பழம் முடிந்த பீரை 100 மில்லி வீதம் நாலு கண்ணாடிகளில் ஊற்றி, ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்சால் கொக்கோச் சாறை அரை மில்லி, ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று விட்டுப் பார்த்தோம். இரண்டில் நாக்கு வறண்டது. அரையில் ஒன்றுமே தெரியவில்லை. ராஸ்பெர்ரிக்கு ஒன்று, செர்ரிக்கு ஒன்றரை என்று முடிவானது. அந்தக் கணக்குப்படி கேன்களில் விட்டேன், 40 மில்லியும் 60 மில்லியும். பத்து நிமிட வேலை. 20 லிட்டரில் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுச் சாமி கும்பிடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

பிறகு பழத்தை எடுத்துவிட்டு, 2 டிகிரியில் நாலு வாரம். குளிரும்போது பாத்திரத்துக்குள் காற்று சுருங்கும், ஏர்லாக்கில் இருக்கும் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கு முன் ஏர்லாக்கை எடுத்துவிட்டுக் கெட்டியாக மூடிவிடுங்கள். பாட்டிலில் அடைக்கும்போது முதலில் மிஞ்சிய பீரை அளந்தேன், பிறகுதான் சர்க்கரையைத் தொட்டேன். ராஸ்பெர்ரி கேனில் 3.4 லிட்டர் இருந்தது. 20 கிராம் போட்டேன். தங்கியிருக்கும் வாயுவைக் கணக்கிடும்போது இப்போது இருக்கும் குளிரைப் பார்க்கக்கூடாது. நொதித்து முடிந்த பின் அது இருந்த அதிக வெப்பத்தை, எனக்கு 18 டிகிரியை, எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்தேன். அதை விரலால் அமுக்கிப் பார்த்தாலே உள்ளே அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று தெரியும். கல் மாதிரி இறுகியதும் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடலாம். முதல் பத்து நாள் மூடியுள்ள தடித்த பெட்டிக்குள்தான் வைத்திருந்தேன், அந்த நாற்காலியையும் இடம் மாற்றிவிட்டேன்.

ருசிக்கு வருவோம். ராஸ்பெர்ரி நன்றாகவே வந்தது, மணம் முன்னால் நிற்கிறது, நுரை கண்ணாடியின் பாதி வரை கூடவே இறங்குகிறது. ஆனால் என்னைக் கேட்டால் கொக்கோவோடு ஒட்டுவது செர்ரிதான். ராஸ்பெர்ரி கொஞ்சம் தனித்துத் துருத்திக்கொண்டிருக்கிறது. தங்கைக்கு இரண்டையும்விட ஒன்றும் சேர்க்காத அந்த 12 லிட்டர்தான் பிடித்திருக்கிறது, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். இதில் இன்னொன்றும் கண்டேன். மூன்றாம் மாதம் திறந்த பாட்டிலில் கொக்கோ வாசம் அப்படியே இருந்தது, ராஸ்பெர்ரி மணம் பாதியாகி, சிவப்பும் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. இன்னும் இரண்டு பாட்டில் இருக்கிறது. இந்த வாரக் கடைசியில் இரண்டையும் திறந்துவிடப்போகிறேன்.